150 வருடப் பழசா? பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தனக்கென்று ஒரு நல்ல எழுதுமேசை வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றி வந்ததில் இரண்டு மேசைகள் மனதில் நின்றிருக்கின்றன.

முதல் மேசையில் மேல்பாதி கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி, கீழ்பாதி சாய்வான மூடி. மூடியை முன்பக்கம் இறக்கினால் அதுவே எழுதும் பலகை. உள்ளே கடிதம், பேனா, பாஸ்புக் வைக்கச் சின்னச் சின்ன அறைகள். "ஈட்டி மரம், 150 வருடப் பழசு, கலெக்டர் பங்களாவிலிருந்து வந்தது" என்று சொல்லி 2,40,000 ரூபாய் கேட்கிறார்கள். சாவித்துளையைச் சுற்றி யானைத் தந்தம் பதித்திருப்பதாகவும் கடைக்காரர் பெருமையாகச் சொன்னாராம். இரண்டாவது, கடை ஷட்டர் மாதிரி மூடி சுருண்டு உள்ளே போகும் ரோல்டாப் மேசை. தேக்கு, 95,000 ரூபாய். மூடியில் சில பட்டைகள் பிய்ந்திருக்கின்றன, புதுப் பாலிஷ் பளபளக்கிறது. வாசகி முதல் மேசைக்கு 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டார். ரசீது என்று கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு.

வீட்டுக்காரரோ இந்தக் காசுக்குப் புதிதாக நாலு மேசை வாங்கலாம் என்கிறார். மெல்போர்னில் இருக்கும் மகள், பின்னாளில் எனக்கு அனுப்பிவிடு என்கிறாள். இதற்கு நடுவே மாமனாரின் கிராமத்து வீட்டில் பச்சைப் பெயின்ட் அடித்த பழைய அலமாரி ஒன்றும், கணக்குப்பிள்ளை மேசை ஒன்றும் தூசி படிந்து கிடக்கின்றன. யாராவது எடுத்துப் போனால் போதும் என்கிறார் கொழுந்தனார். அந்த அலமாரியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை பெயின்ட் அடித்து, சமையலறையில் வைத்துக்கொள்ளலாமா என்பது கடைசிக் கேள்வி. எல்லாவற்றுக்கும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தில் மேசையின் வயது ஆறேழு இடத்தில் வருகிறது. உயரம் ஒரு இடத்தில்கூட இல்லை. பழைய மரச்சாமான்களைப் பழுதுபார்ப்பதும் மதிப்பிடுவதும் என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், வயதுக்கென்று தனியாகக் காசு கொடுக்காதீர்கள். மரத்துக்குக் கொடுங்கள், வேலைப்பாட்டுக்குக் கொடுங்கள், உங்கள் வீட்டில் அது எத்தனை நாள் உழைக்கும் என்பதற்குக் கொடுங்கள்.

நம் ஊர் ஆசாரிகள் செய்த மேசையில் தேதியோ கையெழுத்தோ இருப்பது அபூர்வம். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பெரும்பாலும் 1850-களுக்கும் 1940-களுக்கும் நடுவில் எழுந்தவை. பர்மாத் தேக்கு கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலமும் அதுதான். 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரத்து நின்றது. ஆக, அந்த வீடுகளிலிருந்து வரும் சாமான் 80 வருடமும் இருக்கலாம், 150 வருடமும் இருக்கலாம். 150 என்று அடித்துச் சொல்ல ஆதாரம் வேண்டும். பழைய பில், வீட்டுச் சாமான் பட்டியல், அந்த மேசை தெரிகிற ஒரு பழைய புகைப்படம், இப்படி ஏதாவது. கலெக்டர் பங்களாக் கதைக்கும் இதே விதிதான். காகிதம் இல்லாவிட்டால் அது வியாபாரப் பேச்சு. வியாபாரி பேசத்தான் செய்வார், அதில் தப்பில்லை. அதற்கு விலை கொடுப்பதுதான் தப்பு.

உங்கள் படங்களில் எனக்குத் தெரிந்தவை

முதல் மேசையின் மூடியை இறக்கி வைத்து ஒரு படம் எடுத்திருக்கிறீர்கள். மூடியின் நடுப்பகுதியில், நகம் அளவுக்கு ஒரு கீறல். மேலே கருஞ்சிவப்பு, கீறலுக்குள் வெளிர் மஞ்சள். ஈட்டி என்றால் உள்ளேயும் கருஞ்சிவப்பாகத்தான் இருக்கும், நடுவே கருவரிகள் ஓடும். ஈட்டியின் வெளிறும், அதாவது பட்டையை ஒட்டிய வைரம் பாயாத பகுதியும், மஞ்சளாகத்தான் இருக்கும், உண்மைதான். ஆனால் விலையுயர்ந்த மேசைக்கு மூடியின் நட்டநடுவில் வெளிறை வைக்கும் ஆசாரி யாரும் இல்லை. வேறு மரத்துக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. மேலே ஈட்டி வெனீர், அதாவது மெல்லிதாகச் சீவிய ஈட்டித் தகடு, ஒட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. அது மோசடி இல்லை, பழைய நல்ல மேசைகளிலேயே உண்டு. ஆனால் "ஈட்டி மரம்" என்று மொட்டையாகச் சொல்லி விற்கக் கூடாது.

டிராயரின் பக்கப் பலகை வேறு மரமாக இருக்கிறதே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். அதற்குக் கவலை வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் முகப்புக்கு நல்ல மரம், உள்ளே பலா மாதிரி விலை குறைந்த மரம் என்பதுதான் அந்தக் கால வழக்கம். அதைவிட டிராயரை முழுதாக உருவிக் கவிழ்த்துப் பாருங்கள். முன்பலகையும் பக்கப் பலகையும் சேரும் மூலையில், விசிறி போல் விரிந்த பற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்திருக்கும். டவ்டெயில் என்பார்கள். கையால் வெட்டியதென்றால் ஒரு பல் அகலம், அடுத்தது கொஞ்சம் ஒல்லி என்றிருக்கும். ஆசாரி அளவுக்குக் கீறிய கோடும் பெரும்பாலும் அழியாமல் நிற்கும். அச்சில் வார்த்தது போல் எல்லாப் பல்லும் ஒரே அளவாக இருந்தால் இயந்திரம் வெட்டியது. அடிப்பலகை பிளைவுட்டாக இருந்தால் 150 வருடப் பேச்சு அங்கேயே முடிந்தது, பின்னால் யாரோ மாற்றிப் போட்டார்கள் என்று நிரூபித்தால் ஒழிய.

கீல் படத்தில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ தெரிகிறது. அந்த வகை ஸ்க்ரூ அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்ததே 1930-களில்தான். அதை வைத்து மேசையே புதுசு என்று முடிவு கட்டிவிட வேண்டாம், கீல் தேய்ந்து யாராவது மாற்றியிருக்கலாம். கீலைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கீலுக்கு அடியில் பழைய துளைகளை அடைத்த தடம் இருந்தால் கீல் மாற்றியது. தடமே இல்லையென்றால் மேசைக்கு முதல் கீலே அதுவாக இருக்கலாம்.

இன்னொன்று. மேலே இருக்கும் அலமாரியும் கீழே இருக்கும் மேசையும் கூடப் பிறந்தவை இல்லை என்று சந்தேகப்படுகிறேன். கீழ்பாதியின் முதுகில் அகலப் பலகைகள், மேல்பாதியில் ஒல்லியான பலகைகள். மேல்பாதியின் கண்ணாடியில் கடையின் டியூப்லைட் வளையாமல் நெளியாமல் நேர்க்கோடாகத் தெரிகிறது. பழைய கண்ணாடியில் அந்த வெளிச்சம் தண்ணீரில் விழுந்தது போல் லேசாக நெளியும். கண்ணாடி உடைந்து மாற்றியிருக்கலாம், ஆனால் பலகையையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு வெவ்வேறு சாமானை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றியதாகத்தான் தோன்றுகிறது. இப்படிச் சேர்த்தவை உபயோகத்துக்கு எந்தக் குறையும் இல்லாதவை. விலை மட்டும் பிறவி ஜோடியின் விலையாக இருக்கக் கூடாது.

தந்தம், 100 வருடம், மெல்போர்ன்

நீங்கள் ரசித்து எழுதியிருக்கும் தந்த வேலைப்பாடுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி யானைத் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் 1991-இல் வந்த திருத்தம் அந்தக் கதவை மூடிவிட்டது. தாத்தா காலத்துப் பழசு என்பதற்காக விலக்கு கிடையாது. சாவித்துளை வளையம் சின்னதுதானே என்றும் சட்டம் பார்க்காது.

நல்லவேளையாக, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததில் அந்த வெள்ளை வளையத்தில் பேனா முனையால் குத்தியது போல் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரிகின்றன. அது எலும்பின் அடையாளம். தந்தம் என்றால் புள்ளி இருக்காது, குறுக்காக அறுத்த பக்கத்தில் வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலை போல் ஓடும். மாட்டெலும்பைத் தந்தம் என்று சொல்லி விலை ஏற்றியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். பொய்யாக இருந்தால் நல்லது என்று நான் வேண்டிக்கொள்ளும் ஒரே வியாபாரப் பொய் இதுதான். ஆனாலும் படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள், லென்ஸ் வைத்து நேரில் பார்த்துவிடுங்கள்.

மகளுக்கு அனுப்பும் யோசனைக்கு வருவோம். 1972-இலேயே வந்த இன்னொரு சட்டம், தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம். 100 வருடத்துக்குக் குறையாத கலைப்பொருளும் கைவினைப் பொருளும் அதன் வரையறைக்குள் வரும். அப்படிப்பட்டதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பழசாகத் தெரியும் சாமானை அனுப்ப, இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். ஆக, கடைக்காரர் சொல்லும் 150 வருடம் உண்மையென்றால் மேசை மெல்போர்ன் போகாது. மேசை போகும் என்றால் 150 வருடம் உண்மையில்லை. இரண்டும் ஒன்றாக நடக்காது! அது நிஜமாகவே ஈட்டி என்றால் இன்னொரு முடிச்சும் உண்டு. 2017 முதல் ஈட்டி இனம் முழுவதும் சைட்டிஸ் என்ற, அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது, இவ்வளவு கனமான சாமானுக்கு அதற்கான பத்திரங்கள் தனி. போதாததற்கு, ஆஸ்திரேலியாவில் மரச்சாமானை உளு, அதாவது மரத்தைத் துளைக்கும் பூச்சி, இருக்கிறதா என்று துருவித் துருவிப் பார்ப்பார்கள். மருந்துப்புகை போடச் சொல்லலாம், திருப்பி அனுப்பவோ அழிக்கவோ சொல்லலாம், செலவு உங்கள் மகள் தலையில். மகளுக்காக என்ற கணக்கை விட்டுவிடுங்கள். நீங்கள் உட்கார்ந்து எழுதத்தானே வாங்குகிறீர்கள்.

கொடுத்த முன்பணம்

முன்பணம் கொடுத்தாயிற்று, இனி வாங்கித்தான் ஆக வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. 1930-ஆம் வருடப் பொருள் விற்பனைச் சட்டம், விவரம் சொல்லி விற்கும் பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது. கடைக்காரரிடம் மரியாதையாகவே கேளுங்கள்: "ஈட்டி மரம், இத்தனை வருடம், மேலும் கீழும் ஒரே சாமான் என்று பில்லில் எழுதித் தருவீர்களா? தந்தம் இல்லை என்றும் எழுத வேண்டும்." எழுதினால் நாளைக்கு அவர் பதில் சொல்ல வேண்டிவரும். எழுத மறுத்தால், சொன்ன விவரத்துக்கு நீங்களே பொறுப்பேற்கவில்லை, பணத்தைக் கொடுங்கள் என்று கேட்க உங்களுக்கு வலுவான காரணம் கிடைக்கும்.

துண்டுச் சீட்டையும் அவரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சையும் பத்திரமாக வையுங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்குவதால் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். நான் வழக்கறிஞன் இல்லை, அந்தக் கட்டம் வந்தால் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் வராது. அந்தத் தெருவில் பேர் கெட்டால் வியாபாரம் போய்விடும் என்பது கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும்.

ரோல்டாப் மேசை

எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. பிய்ந்த பட்டைகளைப் பார்த்து நீங்கள் பயந்திருக்கிறீர்கள். அந்த மூடி, ஒல்லியான மரப்பட்டைகளை வரிசையாகக் கித்தான் துணியில் ஒட்டிச் செய்தது. வருடக்கணக்கில் துணி இற்றுப்போய்ப் பட்டை விடுவது சகஜம். மூடியை வெளியே எடுத்து, புதுத் துணி வைத்து ஒட்டினால் சரியாகிவிடும். ஒட்டுகிறவரிடம் ஃபெவிகால் வேண்டாம், பழைய வச்சிரப் பசையே போடுங்கள் என்று சொல்லுங்கள். வச்சிரம் வெந்நீர் பட்டால் இளகும், அடுத்த தடவை பிரித்து வேலை பார்க்கலாம். பட்டைகள் ஓடும் பள்ளத்தை மட்டும் விரலால் தடவிப் பாருங்கள். பள்ளம் உடைந்திருந்தால் வேலை பெரிசு, விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள்.

பாலிஷ் விஷயம். மேசையின் பின்புறம் கண்ணுக்குப் படாத இடத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள், கடைக்காரர் அனுமதியோடுதான். பிசுபிசுவென்று இளகினால் அரக்குப் பாலிஷ். அசையாமல் இருந்தால் பாலியூரித்தேன் மாதிரி இந்தக் காலத்துப் பூச்சு. தேக்குக்கு அதனால் கேடு ஒன்றுமில்லை. "பழைய பாலிஷ் அப்படியே இருக்கிறது" என்று சொல்லி அதற்கும் காசு கேட்டால்தான் சிரிக்க வேண்டியிருக்கும். கைப்பிடி பித்தளையா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு.

உளு, கறையான் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வைரம் பாய்ந்த தேக்கை அவை சுலபத்தில் தொடாது. ஓரத்தில் இருக்கும் வெளிறைத்தான் தின்னும். குண்டூசித் தலை அளவு துளை இருந்தால், அடியில் கறுப்புத் துணி விரித்து மேசையைத் தட்டுங்கள். புதிதாக மாவு போலக் கொட்டினால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. ஒன்றும் கொட்டாவிட்டால் அது பெரும்பாலும் எப்போதோ தின்றுவிட்டுப் போன தடம். தானியத்துக்குப் போடும் விஷ மாத்திரையை அலமாரிக்குள் போட்டு மூடி வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அதிலிருந்து வரும் வாயு ஆளையே கொல்லும். பூச்சி மருந்து அடிப்பதற்கென்று உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள்.

வாங்கும் முன் ஒரு கால்மணி நேரம் அதில் உட்காருங்கள். பழைய மேசைகள் பேனாவால் எழுதுவதற்கான உயரம், தரையிலிருந்து 29, 30 அங்குலம். அதில் லேப்டாப் வைத்து மணிக்கணக்கில் தட்டினால் தோள்பட்டை வலிக்கும். முழங்கால் இடிக்கிறதா, நாற்காலியை உள்ளே தள்ள முடிகிறதா என்று பாருங்கள். லிஃப்ட் கதவு, மாடிப்படித் திருப்பம் இரண்டையும் டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். ரோல்டாப் மேசைகள் பல, மேல்பகுதி, பலகை, இரண்டு பக்க டிராயர்க் கூடு என்று தனித்தனியாகக் கழலும். இது கழலுமா என்று கேளுங்கள். சாய்வு மூடி மேசை எப்போதாவது வாங்கினால், மூடியைத் தாங்கும் இரண்டு கட்டைகளை வெளியே இழுத்துவிட்ட பிறகுதான் மூடியை இறக்க வேண்டும். அதை மறந்துதான் பாதி வீடுகளில் கீல் பிய்கிறது.

கிராமத்து அலமாரியும் கணக்குப்பிள்ளை மேசையும்

இதை நீங்கள் கடைசியில் ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். நான் இதைத்தான் முதலில் பார்த்திருப்பேன். இருட்டில் எடுத்த படம்தான், ஆனாலும் கதவுச் சட்டத்தின் மூலையில், ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கிய கழுந்தை அடுத்த கட்டையின் துளையில் இறக்கி மர ஆணி அடித்திருப்பது தெரிகிறது. பெயின்ட் உதிர்ந்த இடத்தில் பொன்பழுப்பு நிறம், தேக்காக இருக்கலாம். காரைக்குடியில் நீங்கள் விலை பேசுவது இந்த மாதிரி வேலைப்பாட்டைத்தான்.

உப்புத்தாளை மட்டும் தொடாதீர்கள். பழைய பச்சைப் பெயின்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்புண்டு. வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவுக்கு நம் நாட்டில் கடும் வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017-இல்தான். தேய்க்கும்போது பறக்கும் தூசி மூச்சிலும் கையிலும் போகும், பேரப்பிள்ளைகள் வந்து போகும் வீட்டில் அது ஆபத்து. தூசி பறக்காமல் ரசாயனப் பசை தடவிப் பெயின்டை வழித்தெடுக்கத் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். வழித்த பிறகு தேக்கு என்று தெரிந்தால் வெள்ளைப் பெயின்ட் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சாதாரண மாமரம் என்றால் தாராளமாக அடியுங்கள், அதற்காக நான் கண்ணீர் விடமாட்டேன். சமையலறை வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் மரத்துக்கு ஆகாது. கூடத்தில் வையுங்கள், தரை துடைக்கும் தண்ணீர் கால்களில் ஏறாமல் அடியில் சின்னக் கட்டை கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை மேசை தரையில் சம்மணமிட்டு எழுதுவதற்கானது. நமக்கு முழங்கால் ஒத்துழைக்க வேண்டுமே. அதற்குக் கால் வைத்து ஆணி அடித்துவிடாதீர்கள். அதை அப்படியே தூக்கி வைக்கிற மாதிரி, சட்டம் போட்ட ஒரு ஸ்டாண்ட் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். சாய்ந்த மூடி, உள்ளே பேப்பர் வைக்க இடம், பூட்டு. நீங்கள் 2,40,000 ரூபாய் கொடுத்துத் தேடிய மேசையில் இருப்பதும் ஏறக்குறைய இதுதான்.

கொழுந்தனார் வாயால் சொன்னது போதாது. மாமனார் சொத்தில் பங்குள்ள எல்லோரிடமும், இந்த இரண்டையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு மெசேஜாவது போட்டுச் சம்மதம் வாங்கிவிடுங்கள். பழுதுபார்த்துப் பளபளவென்று நிற்கும்போதுதான் சொந்தக்காரர்களுக்குப் பாசம் வரும்.

ஆக, முதல் மேசையை விட்டுவிடுங்கள். கடைக்காரர் ஒட்டுச் சாமான் என்று ஒப்புக்கொண்டு அதற்கேற்ற விலைக்கு இறங்கி, அந்த வளையமும் எலும்புதான் என்று உறுதியானால் மட்டும் மறுபடி பேசலாம். அடுத்த வாரமே கிராமத்து வீட்டுக்குப் போய் அந்த இரண்டையும் பகலில் வெளியே இழுத்துப் போட்டுப் பாருங்கள். அதன்பிறகும் ரோல்டாப் மேல் ஆசை இருந்தால் டார்ச், டேப், காந்தம், லென்ஸ் நான்கையும் பையில் போட்டுக்கொண்டு காரைக்குடிக்குப் போங்கள், வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு. பணம் கட்டும் முன் முதுகுப் பலகையையும், டிராயரைக் கவிழ்த்து அதன் அடிப்பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். டியூப்லைட் வெளிச்சம் வேண்டாம், வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி எடுங்கள்.